கமராப் பரிசோதனைக்குத் திகதி தந்திட்டாங்க



இம்மாதம் ஒரேயொரு கடிதத்துக்கு மட்டும் பதில். கல்லடியிலிருந்து வந்த கடிதம். எழுதியவர் தனது பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 56. கணவர் 1990 இல் வேலைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. கடலோரத்தில் இருந்த வீட்டை 2004 டிசம்பர் 26 இல் சுனாமி கொண்டுபோனது. இப்போது வீட்டுத்திட்ட வீடொன்றில் பேத்தியுடன் இருக்கிறார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறார். அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்:

"ரெண்டு மூணு மாசமா மலத்தோட இரத்தம் போகுது. மூலச்சூடு எண்டு நினைச்சு மோரும் வெந்தயமும் குடிச்சுப் பார்த்தன். மறுகா தலைசுத்து வந்து கிளினிக்குக்குப் போனா இரத்தம் குறைவு எண்டாங்க. இப்ப பின்பக்கத்தால கமரா விட்டுப் பார்க்கவேணும் எண்டு துண்டு தந்திருக்கிறாங்க. திகதி கிட்டக் கிட்ட வர நித்திரை இல்ல. நெஞ்சு படபடக்குது. வருத்தத்துக்குப் பயமா, கமராவுக்குப் பயமா எண்டு எனக்கே தெரியல்ல. பக்கத்து வீட்டு மச்சாள் சிரிக்கிறா, 'என்னகா, ஒரு வயருக்கு இப்பிடிப் பயப்பிடுறாய், நாம பார்க்காததா' எண்டு. போகாம விட்டால் என்ன?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாமல் விடக்கூடாது.

மூலத்தாலும் இரத்தம் போகும், அது உண்மை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு மலத்தோடு இரத்தமும் போய், உடம்பில் இரத்தமும் குறைந்திருந்தால், மூலம் என்று சொல்லிவிட்டு இருக்க முடியாது. மூலம் வெளியே தெரியக்கூடும். அதற்கு மேலே, குடலுக்குள்ளே இன்னொன்று இருந்தால் அது தெரியாது. ஒன்று இருப்பதால் மற்றது இல்லையென்று ஆகிவிடாது. குடற்புண், குடலழற்சி, பொலிப் எனப்படும் சிறு தசைவளர்ச்சி, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் அறிகுறி ஒன்றுபோலவே இருக்கக்கூடும். உள்ளே பார்த்தால்தான் பிரித்து அறியலாம். வாரக்கணக்காக மலம் போகும் விதம் மாறியிருந்தாலும், காரணமில்லாமல் மெலிந்து போனாலும், தாய் தகப்பன் சகோதரங்களில் யாருக்காவது குடற்புற்றுநோய் வந்திருந்தாலும் இதே பேச்சுத்தான்.

நமது பகுதிப் பெண்களுக்கு இதில் இன்னொரு தடையும் இருக்கிறது. எந்த நோவைச் சொன்னாலும் "யோசினை கூடிப்போச்சு, அதுதான்" என்று வீட்டிலும் சொல்வார்கள், சில வேளைகளில் மருந்து கொடுப்பவர்களும் சொல்வார்கள். யோசனைக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டுதான். ஷெல் சத்தம் கேட்ட உடனே வயிற்றால் போன அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது. குடலைச் சுற்றிப் பெரிய நரம்புவலை ஓடுகிறது, மனம் பதறினால் அதுவும் பதறும். ஆனால் பதற்றம் வயிற்றைக் கலக்குமே தவிர இரத்தம் போகச் செய்யாது. இரத்தம் கண்டால் "எனக்கு யோசினை வருத்தம்" என்று நீங்களே தீர்ப்பெழுதி வைக்காதீர்கள்.

பெருங்குடலில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சிறு பொலிப்பாகத்தான் தொடங்குகின்றன. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடமளவில் எடுக்கும். பொலிப்பாக இருக்கும்போதே கண்டால் அந்தக் கமராக் குழாயின் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்கைப் போட்டு எடுத்துவிடலாம். 1969 இல் நியூயோர்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு வைத்தியர்கள் அப்படிச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பு உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு பொலிப்பை எடுக்க வயிற்றை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. புற்றாகவே இருந்தாலும், குடலைத் தாண்டிப் பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருடங்களுக்குப் பின்னும் உயிரோடு இருப்பதாக அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. பரவிய பின்பு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தப் பரிசோதனைக்குப் பயப்படுவது நாம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கேற்றி கூரிக் என்றொரு தொலைக்காட்சி அறிவிப்பாளர். அவருடைய கணவர் 1998 இல் குடற்புற்றுநோயால் 42 வயதில் இறந்தார், இரண்டு சிறு பெண்பிள்ளைகள். 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் தனக்குக் கமரா விட்டுப் பார்ப்பதைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார். வெட்கத்தாலும் பயத்தாலும் ஆட்கள் போகாமல் இருக்கிறார்கள், அதுதான் என் கணவரைப் போன்றவர்களைக் கொல்கிறது என்பது அவருடைய எண்ணம். அதன் பின் அங்கே இந்தப் பரிசோதனைக்கு வருவோர் தொகை 20 சதவீதத்துக்கு மேல் கூடியதாக 2003 இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. பணமும் படிப்பும் வசதியும் உள்ள நாட்டிலும் ஆட்களை வரவைக்க ஒரு விதவைப் பெண் முன்னுக்கு வரவேண்டியிருந்தது.

இனி, என்ன செய்வார்கள் என்பது. தெரியாத ஒன்றுக்குத்தான் மனம் அதிகம் பதறும், ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சட்டையொன்றைத் தந்து மாற்றச் சொல்வார்கள். கையில் ஊசிக்கான சிறு குழாய் போடுவார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டி நாடித்துடிப்பையும் ஒட்சிசன் அளவையும் பார்ப்பார்கள். இடப்பக்கமாகச் சரிந்து, முழங்காலை மடக்கிப் படுக்கவேண்டும். இடுப்புக்கு மேலே துணி போர்த்தியிருக்கும். வைத்தியர் முதலில் களிம்பு பூசிய விரலால் பார்ப்பார், பிறகு குழாயை விடுவார். குழாய் ஒரு விரல் தடிப்பு, வளைந்து கொடுக்கக்கூடியது. பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். குடலை விரித்துப் பார்ப்பதற்காகச் சிறிது காற்று அடிப்பார்கள். அப்போதுதான் வயிறு ஊதி, மலம் வருவதுபோல ஒரு முட்டு வரும். மலம் வராது, குடல் முதலே வெறுமையாகியிருக்கும். காற்றுப் பிரிந்தால் பிரியட்டும், அந்த அறையில் வேலை செய்பவர்கள் அதை நாளாந்தம் கேட்பவர்கள், அடக்கினால்தான் நோகும். குடல் வளையும் இடங்களில் இழுத்துப் பிடிப்பதுபோல் நோகலாம். சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு எடுத்தால் அது நோகாது, ஏனென்றால் குடலின் உட்தோலுக்கு வெட்டு உணர்வு இல்லை. பெரும்பாலும் 20 நிமிடத்திலிருந்து 45 நிமிடத்துக்குள் முடியும்.

இப்போது அந்தச் சகோதரியின் கேள்வி: வருத்தத்துக்குப் பயமா, கமராவுக்குப் பயமா?

இரண்டும் இருக்கும். ஆனால் அவருடைய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தபின், அவர் எழுதாத மூன்றாவது ஒன்றும் இருக்கக்கூடும் என்று எனக்குப் படுகிறது. 1990 களில் இருபது முப்பது வயதில் இருந்த பெண்கள் இப்போது ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறார்கள். இப்படியான பரிசோதனைகள் தேவைப்படும் வயதும் இதுதான். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று உடம்பைத் தடவவிட்டவர்கள், விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டவர்கள், யாரிடமும் இன்றுவரை சொல்லாத ஒன்றைச் சுமப்பவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் "உடுப்பைக் கழற்றுங்கோ, அப்பிடியே படுங்கோ, அசையாதீங்கோ" என்று முகக்கவசம் போட்ட ஒருவர் சொல்லும்போது உடம்பு முப்பது வருடம் பின்னுக்குப் போய்விடும். புத்திக்குத் தெரியும், இது ஆஸ்பத்திரி, இவர் வைத்தியர் என்று. உடம்புக்குத் தெரியாது. கை குளிரும், மூச்சு முட்டும், சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். இதைப் பைத்தியம் என்றோ கோழைத்தனம் என்றோ யாரும் சொல்லவேண்டாம். "நாம பார்க்காததா" என்று மச்சாள் சிரித்தாரே, பார்த்ததால்தான் இது வருகிறது.

மயக்க ஊசி என்றதும் வேறொரு பயம். பல வருடங்களாக ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு நித்திரை கொண்டவர்களுக்கு "ஊசி போட்டா நித்திரை வரும், ஒண்டும் தெரியாது" என்பது ஆறுதல் வார்த்தையாக இராது. அவர்களுக்காகச் சொல்கிறேன்: வழமையாகக் கொடுப்பது முழு மயக்கம் அல்ல, அரைத்தூக்கம் தரும் ஊசி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும். குறைந்த அளவில் தரச் சொல்லியும் கேட்கலாம். ஊசி இல்லாமலே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள், நோவு சற்றுக் கூடுதலாக இருக்கும். மறுபுறம், "எனக்கு எதுவுமே தெரியாமல் இருந்தால்தான் ஏலும்" என்பவர்கள் அதையும் முதலே சொல்லவேண்டும், அதற்கு ஏற்பாடு தேவைப்படும். எது உங்களுக்குச் சரி என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

வைத்தியரிடம் முழுக்கதையும் சொல்லவேண்டியதில்லை. யாருக்கும் அந்தக் கடமை இல்லை. திகதி எடுக்கும்போதோ கிளினிக்கிலோ தாதியிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "பழைய அனுபவம் ஒன்றால எனக்கு இப்படியான பரிசோதனை கஷ்டம். ஒவ்வொன்றையும் செய்யமுதல் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. நான் கையைத் தூக்கினா நிப்பாட்டுங்கோ. ஒரு பெண் தாதி என்ர தலைமாட்டில நிக்கவேணும்." இதைச் சொல்ல வாய் வராது என்றால் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பார் என்று நான் வாக்குத் தரமாட்டேன், ஆனால் கேட்பதில் தவறே இல்லை. தாதி பக்கத்தில் நிற்பது, துணி போர்த்துவது, சொல்லிவிட்டுத் தொடுவது, இவை யாராலும் செய்யக்கூடியவை.

அன்றைக்குப் படுக்கும் விதத்தை வீட்டில் முன்கூட்டியே பழகிப் பார்ப்பதும் உதவும். உங்கள் சொந்தப் பாயில், கதவைப் பூட்டிக்கொண்டு, இடப்பக்கம் சரிந்து முழங்காலை மடக்கி ஐந்து நிமிடம் படுத்திருங்கள். மூச்சை நாலு எண்ணி உள்ளே எடுத்து, ஆறு எண்ணி மெதுவாக வெளியே விடுங்கள். நாம் விடும் பெருமூச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது, வெளியே போகும் மூச்சு நீண்டால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். சாந்தப் பயிற்சி என்றால் கண்ணை மூடச் சொல்லித் தருவார்கள். பழைய காட்சிகள் வருபவர்கள் கண்ணை மூடவேண்டாம். கண்ணைத் திறந்து, கையில் ஒரு சேலைத் தலைப்பையோ தேசிக்காயையோ பிடித்துக்கொண்டு, சுவரில் தெரியும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். இது எந்த வருடம், எந்த ஊர், யாருடைய வீடு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு தடவை இப்படிப் பழகினால் அன்றைக்கு உடம்பு அந்தப் படுக்கையைப் புதிதாகக் காணாது. தேவாரம், செபம், ஓதல், உங்களுக்கு எது பழக்கமோ அதை மூச்சோடு சேர்த்துக்கொள்ளலாம். பரிசோதனை அறையில் பாட்டுக் கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, போனில் போட்டுக் கேட்கலாமா என்று கேளுங்கள்.

சரி, உண்மையில் கமராவை விடக் கஷ்டமானது அதற்கு முதல் நாள்தான். அதைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. குடலைக் கழுவப் பேதி மருந்து தருவார்கள். சிலது இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. உப்புக் கலந்த ஒரு வழுவழுப்புச் சுவை. குளிரவைத்து, ஒரு கோப்பை, கால் மணித்தியாலம் இடைவெளி, அடுத்த கோப்பை என்று குடித்தால் இறங்கும். பிறகு பத்துப் பதினைந்து தடவை ஓடவேண்டி வரும். கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சள் தண்ணியாகப் போகவேண்டும். அரைகுறையாகக் கழுவிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது, இன்னொரு நாள் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இங்கேதான் நமது வீடுகளின் நிலைமை வருகிறது. மலசலகூடம் வளவின் கோடியில், லைற் இல்லை, மூன்று குடும்பத்துக்கு ஒன்று. இரவில் தனியே வெளியே போகப் பயந்து பலர் மருந்தைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இதைக் கோழைத்தனமென்று ஏசுவதால் பயனில்லை, ஏற்பாடு செய்யவேண்டும். மருந்தை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று கேட்டு, இயன்றவரை பகலில் தொடங்குங்கள். வாளியில் தண்ணீர், ரோச் லைற், பழைய துணி, வழலை முதலே எடுத்து வையுங்கள். அன்றிரவுக்கு ஒரு பெண்துணையைக் கூப்பிட்டு வைத்திருங்கள். காலை இழந்தவர்களுக்கும் குந்த ஏலாதவர்களுக்கும் கொமட் கதிரை ஒன்று அவசியம், ஊரில் சங்கங்களிடம் இரவல் கேட்கலாம். படுவான்கரைப் பக்கத்திலிருந்து தோணியும் பஸ்ஸும் மாறி வருபவர்கள் வீட்டில் மருந்தைக் குடித்துவிட்டுப் பயணம் செய்ய முடியாது. அவர்கள் "தூரத்திலிருந்து வாறன், முதல்நாளே வாட்டில விட்டுச் செய்யுங்கோ" என்று கட்டாயம் கேட்கவேண்டும். கல்லடியாருக்குப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. ஆனாலும் அன்று பஸ் வேண்டாம், ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே கீரை, குரக்கன், நாட்டரிசி, பயறு, கடலை, கொய்யா, தேங்காய்ச் சம்பல் போன்ற நார் கூடியவற்றையும் விதையுள்ளவற்றையும் தவிருங்கள். வெள்ளைச் சோறு, மீன், முட்டை, பாண், உருளைக்கிழங்கு சாப்பிடலாம். முதல்நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: வெறுந்தேத்தண்ணி, சீனியும் உப்பும் போட்ட தேசிக்காய்த் தண்ணி, குரும்பைத் தண்ணி, வடித்த சூப். பால் கூடாது. சிவப்பு நிறச் சர்பத்தும் கூடாது, உள்ளே இரத்தம்போல் தெரியும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் குரும்பைத் தண்ணியை வைத்தியரைக் கேளாமல் குடிக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் தந்த துண்டில் வேறு விதமாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அம்மன் சடங்குக்கு நாட்கணக்கில் விரதம் இருப்பவர்கள் நாங்கள், ஒரு நாள் பசி நமக்குப் பெரிதல்ல. ஆனால் விரதத்தில் தண்ணீரையும் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே தண்ணீர்தான் மருந்து, அனுமதித்த நேரம்வரை நிறையக் குடிக்கவேண்டும். தலை சுற்றி விழுந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பசி சிலருக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும், பதுங்குகுழியில், முகாமில், சாப்பாடில்லாமல் இருந்த நாட்களை. அப்படி வந்தால் மேலே சொன்ன அதே பயிற்சிதான்.

பாவிக்கும் மருந்துகளை மறைக்காதீர்கள். இரும்புச்சத்துக் குளிசையை ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். அஸ்பிரின், வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேளாமல் தொடரவும் வேண்டாம். நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்களுக்கு அன்றைக்கு அளவு மாறும். மனநலக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் வெட்கத்தில் அதைச் சொல்லாமல் விடுவதுண்டு. சொல்லவேண்டும், ஏனென்றால் அரைத்தூக்க ஊசியின் அளவை அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வயிற்றில் செல்துண்டு அல்லது சன்னம் இருந்தாலும், காயத்துக்கோ கருப்பைக்கோ வயிற்றில் ஒப்பரேசன் செய்திருந்தாலும் சொல்லுங்கள். பழைய ஒப்பரேசனால் குடல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் குழாய் போவது கடினம், வைத்தியர் அதை அறிந்திருந்தால் பொறுமையாக விடுவார்.

அரைத்தூக்க ஊசி போட்டால் துணையாள் இல்லாமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். தனித்து வாழும் பெண்களுக்கு இதுதான் பெரிய சிக்கல், பலர் திகதியைத் தவறவிடுவதும் இதனால்தான். "ஆரக் கூப்பிடுறது, ஏன் கூப்பிட்ட எண்டு சொல்லுறது?" என்கிறார்கள். வயிற்றுக்குக் கமரா விடுகிறார்கள் என்று சொன்னால் போதும், வாயாலா மற்றப் பக்கத்தாலா என்று எவரும் அளந்து பார்க்கப்போவதில்லை. மாதர் சங்கத்தில், சிறுகுழுவில், கோயிலில், தேவாலயத்தில் ஒருவரை முதலே பிடியுங்கள். நாளைக்கு அவருக்கு நீங்கள் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசில்லை, ஆனால் பேதி மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் காசு வேண்டும், ஓட்டோவுக்கு வேண்டும், இரண்டு நாள் உழைப்பும் போகும். குழுக்கடன் கட்டும் நாளில் திகதி விழுந்தால் அதை முதலே பேசிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பின் 24 மணித்தியாலத்துக்குச் சைக்கிள், மோட்டார்சைக்கிள் ஓடக்கூடாது, அடுப்படியில் கொதிநீரோடு நிற்கக்கூடாது, எந்தக் காகிதத்திலும் கையெழுத்தும் வைக்கக்கூடாது. கடன் காகிதமும் இதற்குள் அடக்கம்.

பரிசோதனை முடிந்து வயிறு ஊதியிருக்கும், காற்றுப் போனால் சரியாகும். துண்டு வெட்டியிருந்தால் சிறிதளவு இரத்தம் தெரியலாம். குடலில் துளை விழுவது அரிது, பார்ப்பதற்காக மட்டும் செய்யப்படும் பரிசோதனைகளில் ஆயிரத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ. அரிதென்றாலும் அறிந்திருக்கவேண்டும்: வயிறு கல்லுப்போல் இறுகிக் கடுமையாக நொந்தால், காய்ச்சல் வந்தால், இரத்தம் கட்டியாகவோ நிறையவோ போனால், விடியட்டும் என்று இருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அன்றிரவு அல்லது அடுத்த சில நாட்களில் பழைய கனவுகள் திரும்பி வரலாம், காரணமில்லாமல் அழுகை வரலாம். சில நாட்களில் அடங்கும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் தமிழில் பேசலாம்.

எழுதிய சகோதரிக்கு: உங்கள் திகதிக்கு இன்னும் நாளிருக்கிறது. பேத்தியை அன்றிரவு யாரிடம் விடுவது, கடைகளுக்கு இடியப்பம் இல்லையென்று எப்போது சொல்வது, துணைக்கு யார், இந்த மூன்றையும் இந்தக் கிழமையே முடித்துவிடுங்கள். சிரித்த மச்சாளையே துணைக்குக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பவர்கள் சில வேளை முதலில் வருவார்கள். பரிசோதனை முடிந்ததும் "என்ன கண்டீங்க, துண்டு வெட்டினீங்களா, முடிவு எப்ப வரும்" என்று கேட்கவேண்டும். ஊசியின் மப்பில் சொன்னது மறந்துபோகும், ஆகவே துணையாளை உள்ளே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வெட்டிய துண்டின் முடிவு வரச் சில கிழமைகள் எடுக்கலாம். அதை எடுக்கப் போகவேண்டிய திகதியைக் கிளினிக் கொப்பியில் தாதியைக்கொண்டு எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். அந்த நாளுக்கும் தனியே போகவேண்டாம்.